இருபதாவது புலி

“அந்தப் பொண்ணா? அது நாற்காலி மாதிரி சார். எங்க போட்டாலும் சத்தமில்லாம கிடக்கும்.”

இதுதான் அக்கா அவர் சொன்னது. ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. மெமரி கார்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் அறையைத் தாண்டிப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. போனில் யாரிடமோ இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சொன்னதைக்கூட விட்டுவிடலாம். சிரித்தாரே, அதை விடமுடியவில்லை.

நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்டீர்கள், “காட்டுலயா வேலை, புலியெல்லாம் பார்த்திருக்கியா?” என்று. நான் எங்கே ஆரம்பிக்கிறேன் பாருங்கள். அந்த வளைவில் மாட்டிக்கொண்ட லாரியை எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்கிறார் கண்டக்டர். கீழே போய்ச் சேர்ந்தால் நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் எனக்குப் பேச்சு வருகிறது. கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரியாது.

புலியை நேரில் பார்த்ததில்லை. ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கரடிச்சோலைக் காப்பகத்தில் இருக்கிற ஒவ்வொரு புலியையும் எனக்குத் தெரியும். எதற்குக் காது கிழிந்திருக்கிறது, எது இடது காலைச் சாய்த்து வைக்கும், எல்லாம் தெரியும். பாதையில் எதிரெதிரே இரண்டு மரங்களில் கேமரா கட்டியிருப்பார்கள். நடுவில் எது போனாலும் இரண்டும் படம் எடுக்கும். காவலர்கள் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பார்கள். ஒரு கார்டில் நாலாயிரம் படம். காற்றில் ஆடின புல், மானின் பின்பக்கம், லென்ஸை நக்கிப் பார்த்த கரடி, கார்டு மாற்ற வந்த காவலரின் வேட்டி. அதற்கு நடுவில் எங்கேயாவது ஒரு புலி.

வரியை வைத்துத்தான் அடையாளம். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. அதிலும், ஒரே புலிக்கு இடது பக்கம் வேறு, வலது பக்கம் வேறு. அதனால்தான் இரண்டு கேமரா. ஒன்றை யானை பிடுங்கிப் போட்டுவிட்டது என்று வையுங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் படத்தில் விழும். ஒரு இடத்தில் இடது பக்கம், இன்னொரு இடத்தில் வலது பக்கம் என்று கிடைத்தால் அது ஒரு புலியா இரண்டு புலியா என்று சொல்லமுடியாது. அப்படிக் கிடைத்ததை இரண்டாக எண்ணக்கூடாது. இது எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித்தருவது.

அந்த அறையில் மூன்று வருடம் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அதை அவர் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? “ஏம்மா.” அவ்வளவுதான். அவர் பெயர் சுதர்சனம். ஆய்வுப் பிரிவுக்குத் தலைவர். ஐம்பது வயது. டீயில் பிஸ்கட்டை நனைப்பார், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது உடைந்து உள்ளே விழும். தினமும் விழும். தினமும் நான் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். சின்னச் சந்தோஷம்தான், ஆனால் தினமும் கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெ-7 என்று ஒரு பெண்புலி. எங்களிடம் எண்தான், பெயர் வைக்கக்கூடாது. நான் மனதுக்குள் வைத்திருந்தேன், அதை உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன். வலது தொடையில் கவிழ்த்து வைத்த அரிவாள்மணை மாதிரி ஒரு வரி. அதற்கு இரண்டு குட்டிகள். இந்த வருடம் தை மாதம் வந்த படத்தில் அதன் கழுத்தில் ஏதோ மின்னியது. பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பி. பைக்கின் கிளட்ச் வயரை முறுக்கிச் செய்த சுருக்கு. காட்டை ஒட்டின தோட்டங்களில் பன்றிக்கு வைப்பார்கள். புலி இழுத்ததில் அறுந்து, கழுத்தோடு போயிருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும், தானாகக் கழலாது.

உடனே என்ன செய்தேன் தெரியுமா? எழுதினேன். எங்கள் கணக்குத்தாளில் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதினேன்: ‘பெ-7, கழுத்தில் கம்பி, அவசரம்.’ சிவப்பு எழுத்தில். தேதியோடு. அந்த ஃபைல் அவருக்கும் திறக்கும். அவர் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. சொல்லுங்கள் அக்கா, எழுதினால் சொன்ன மாதிரிதானே?

அப்படிப் பார்க்காதீர்கள். நேரிலும் போனேன். இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாவது தடவை சும்மாதான் இருந்தார், நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “என்னம்மா?” என்றார். “ஒண்ணுமில்ல சார், பிரிண்டர்ல மை தீர்ந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்தில் வரைபடக்காரர் நின்றிருந்தார். ஆள் இருக்கும்போது எனக்கு வாய் வராது. அது சாருக்கே தெரியும், மூன்று வருடமாகப் பார்க்கிறாரே. தெரிந்தவர் என்ன செய்திருக்கவேண்டும்? ஃபைலைத் திறந்து பார்த்திருக்கவேண்டும். பார்த்தாரா?

பத்தொன்பது நாள். நான் தினமும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பேன். யார் திறந்தாலும் அதில் தெரியும். யாரும் திறக்கவில்லை.

இருபதாவது நாள் ஜடையன் அண்ணன் ஓடையோரம் அது செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் எங்கள் காவலர்களில் ஒருவர், சோளகர் பழங்குடி. கம்பி பொறுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காட்டோரமாக நடந்து நடந்து சுருக்குக் கம்பிகளை அறுத்தெடுப்பதுதான் அவரையும் சேர்த்து ஆறு தற்காலிகக் காவலர்களுக்கு வேலை. தாளில் சுற்றின எலும்பு மாதிரி மெலிந்து கிடந்தது என்று சொன்னார். டாக்டர் வந்தார், அறுத்துப் பார்த்தார், முழுதாக எரித்தார்கள். ஒரு நகம்கூட மிச்சம் வைக்கக்கூடாது, அதுதான் விதி.

அன்றைக்கு சுதர்சனம் சார் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். “கழுத்துல கம்பியோட எத்தனை நாளா சுத்தியிருக்கு! ஒரு கேமராலகூடவா விழல? யாருமே பார்க்கலயா?” கத்தினார். கண் கலங்கியிருந்தது. என்ன நடிப்பு! நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘உன் மேசையில் இருக்கிறது, போய்ப் பார்’ என்று மனதுக்குள் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஜன்னல் வழியாக நாற்காலிப் பேச்சு என் காதில் விழுந்தது. அப்போது முடிவு செய்தேன். இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது.

நான் கத்துகிற ஆளில்லை. புகார் கொடுக்கிற ஆளுமில்லை. என் கையில் இருப்பது வரிகள். அதை வைத்துத்தான் செய்யமுடியும்.

ஆ-4 என்று ஒரு கிழட்டு ஆண்புலி. இந்த வருடம் அதன் வலது பக்கம் மேற்கே ஒரு கேமராவில் விழுந்தது, இடது பக்கம் கிழக்கே. இரண்டு இடத்திலும் ஒரு கேமரா கெட்டுப்போயிருந்தது. இரண்டும் ஒரே புலிதான் என்பது எனக்குத் தெரியும். ஒரு குட்டையில் புரண்டு படுக்கும்போது அதன் இரண்டு பக்கமும் அடுத்தடுத்து விழுந்த பழைய படங்கள் பொது ஃபோல்டரில் இருந்தன. அவற்றை என் பென் டிரைவுக்கு மாற்றினேன். அழிக்கவில்லை அக்கா. மாற்றினேன். பிறகு வலது பக்கத்துக்கு ஆ-4 என்றும், இடது பக்கத்துக்கு ஆ-12 என்றும் எழுதினேன்.

முந்தின வருடம் இருபது, குட்டிகளைச் சேர்க்காமல். பெ-7 போனால் பத்தொன்பது வரவேண்டும். என் தாளில் இருபது வந்தது.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அவர் ஒருவருக்குத்தான். ஏப்ரலில் ஆய்வுக் கூட்டம். பெரிய நிபுணர்கள் வருவார்கள். ஒரு பக்கப் படத்தை வைத்து இரண்டு புலி காட்டியிருப்பதை எந்த நிபுணரும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். “என்ன சுதர்சனம், முதல் வருஷ மாணவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டானே” என்று நாற்பது பேர் முன்னால் கேட்பார். அவர் முகம் அப்போது எப்படிப் போகும் என்று தினமும் நினைத்துப் பார்ப்பேன். அந்த நினைப்பில் இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அவரே ஒரு தடவை கேட்டார். “ஒண்ணு செத்துப்போச்சேம்மா, எப்படி இருபது?”

“புது ஆண் ஒண்ணு வந்திருக்கு சார், கிழக்கால.”

மூன்று வருடத்தில் அவரிடம் நான் பேசின மிக நீளமான வாக்கியம் அது. அவர் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்” என்றார். பார்த்தீர்களா, எவ்வளவு அலட்சியம்!

கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. ஆ-12 திரையில் இவ்வளவு பெரிதாக வந்து நின்றது. நிபுணர் போண்டாவில் தேங்காய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார். “இருபதா? குறையலையே. வெரி குட்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது?

பிறகு செக்போஸ்ட்டில் பலகை மாட்டிவிட்டார்கள். ‘புலிகள்: 20.’ நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று என்னுடையது.

நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெ-7 செத்ததும் அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார், கம்பி பொறுக்க இன்னும் பத்துப் பேர் வேண்டும் என்று. செய்த பாவத்துக்கு ஒரு கடிதம்! ஜூனில் பதில் வந்தது. புலி எண்ணிக்கை குறையவில்லை, ஆகவே கூடுதல் ஆள் தேவையில்லை, இருக்கிற தற்காலிகக் காவலர் ஆறு பேரையும் நீட்டிக்க அவசியமில்லை. ஆறு பேரையும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு நான் என்ன செய்யமுடியும்? நான் எழுதினது புலிக் கணக்கு. ஆள் கணக்கு அவர்கள் எழுதினது.

ஜடையன் அண்ணன் பச்சைச் சட்டையையும் டார்ச்சையும் திருப்பிக் கொடுக்க வந்தார். ஸ்டோரில் ஆள் இல்லை, என் மேசைக்கு வந்துவிட்டார்.

“ஏனம்மிணி, புலி எச்சாயிருச்சாமா?”

எச்சு என்றால் அதிகம். நான் தலையாட்டினேன்.

“எங்கிருந்து வந்துச்சோ, என் கண்ணுல படலியே. அந்தத் தாய் இல்லாத குட்டிக ரெண்டும் ஓடையைச் சுத்தித்தான் கெடக்குது. வேட்டையும் பழகல. கம்பி பூராம் அந்தப் பக்கந்தான். இனி ஆரு பொறுக்கறது?”

“பார்க்கலாம் அண்ணா” என்றேன்.

“நீங்க பார்ப்பீங்க. படந்தான பார்க்கோணும், உக்காந்த எடத்துல” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. அவர் வேறு மாதிரி சிரிப்பார்.

சரி, நிபுணர் கண்ணில் படவில்லை என்றால் என்ன? நானே காட்டுவது என்று தீர்மானித்தேன். தலைமை அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம். கூடவே குட்டையில் எடுத்த அந்தப் படங்கள். ‘ஆ-4, ஆ-12 இரண்டும் ஒன்றே. சுதர்சனம் புலிக் கணக்கைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்.’ ஜூலை முதல் வாரத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை. ஏனென்றால் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவருக்குத் தலைமை அலுவலகத்தில் பெரிய பதவி கொடுப்பதாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லி, பெட்டி கட்டி, மாலை வாங்கின பிறகு கடிதம் போய்ச் சேரவேண்டும். முன்னாலேயே போனால் என்ன பிரயோசனம்? அரை அடிதான் விழும்.

காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

அந்த நாட்களில்தான் ஒரு கார்டில் குட்டி வந்தது. இரண்டில் சின்னது. முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பெரிதாக்கினேன். கம்பி. பாதத்துக்குக் கொஞ்சம் மேலே.

இல்லை அக்கா, எழுதவில்லை. எழுதினால் மட்டும் யார் படிக்கப்போகிறார்கள்? முதல் தடவை எழுதினதற்கு என்ன மரியாதை கிடைத்தது? அதோடு, அப்போது ஓடினால், ஆளைக் கூப்பிட்டால், அவர் ‘குட்டியைக் காப்பாற்றினார்’ என்று பேப்பரில் படம் வரும். அந்தப் படத்தோடு பதவிக்குப் போவார். அதை நான் என் கையால் செய்து கொடுக்கவேண்டுமா? இரண்டு வாரம்தானே. கழுத்தில் இருந்ததே பத்தொன்பது நாள் தாங்கியது. இது கால்.

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி கடிதத்தைப் போட்டேன். முப்பத்தொன்றாம் தேதி இரண்டு அதிகாரிகள் பதினொரு மணிக்கு வருவதாகப் போன் வந்தது. பதவி நிறுத்திவைப்பு, விசாரணை. அன்றைக்குக் காலையில் நான் தலைக்குக் குளித்து, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன்.

நான் போனபோது அவர் என் அறையில் என் மேசையில் உட்கார்ந்திருந்தார். விடிகாலையிலிருந்தே இருக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். என் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். குறிப்புக் கட்டத்தை மேலிருந்து கீழாக, மூன்று வருடத்தையும், ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். தை மாதத்துச் சிவப்பு எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“பத்தொன்பது நாள் முன்னாடியே எழுதியிருக்க.”

நான் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

“ஏம்மா, ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கக் கூடாதா? கதவைத் தட்டி, ‘யோவ், கம்பி’ன்னு கத்தியிருக்கலாமே.”

இப்போது தெரிந்ததா என்று இருந்தது எனக்கு. அந்த நிமிடத்துக்காகத்தானே ஆறு மாதம் இருந்தேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. புதுக் கார்டு படங்களையும் திறந்திருந்தார். குட்டி திரையில் நின்றது, காலைத் தூக்கிக்கொண்டு.

“இது எப்ப வந்தது?”

“பதினாறு நாள் ஆச்சு சார்.”

“குறிப்புல ஒண்ணும் இல்லையே.”

இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டாராக்கும்! நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய், கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார். பிறகு ஜடையன் அண்ணனுக்கு. “வேலையில இல்லன்னு தெரியும் ஜடையா. என்னால ஆர்டர் போடமுடியாது. வருவியா?” என்றார். ஆறு பேரும் அரை மணி நேரத்தில் வந்து நின்றார்கள். செருப்புக்கூட இல்லாமல் ஒருவர். டாக்டரோடு ஓடைப் பக்கம் போனார்கள்.

பதினொரு மணிக்கு விசாரணை. அதிகாரிகளில் ஒருவர் வழுக்கை, ஒருவர் பெண்மணி. நான் குறிப்பெடுக்கச் சுவரோரம் உட்காரவைக்கப்பட்டேன். குட்டையில் எடுத்த படங்களையும் கூட்டத்தில் காட்டிய ஆ-12 படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “ஒரே மிருகம்தான்” என்று அந்தப் பெண்மணி சொன்னார். சுதர்சனம் சார், “ஆமாம்” என்றார். அவ்வளவுதான். வாதாடவில்லை.

நடுவில் அவர் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஜடையன் அண்ணன் குரல், இரைக்க இரைக்க: “சார், கெடச்சிருச்சு. மூச்சிருக்குது. டாக்டரு மயக்க ஊசி போட்டு வயரை வெட்டியாச்சு. ரெண்டு வெரலு போயிருச்சுங்க. ஆனாப் பொழச்சுக்கும். இன்னொண்ணு பக்கத்துப் புதர்ல உறுமிக்கிட்டே இருக்குது. அப்புறம் சார், ஓடைக்கு இந்தப் பக்கம் மட்டும் முப்பத்தொரு கம்பி எடுத்திருக்கோம். இன்னும் கெடக்குது.”

வழுக்கை அதிகாரி சொன்னார், “எண்ணிக்கையைப் பத்தொன்பதுன்னு திருத்தினா, குறைஞ்ச காரணத்தைக் காட்டி அந்த ஆறு பேரையும் இன்னைக்கே எடுக்கலாம். பத்துப் பேர் கேட்டதையும் மேல அனுப்பலாம். ஆனா திருத்தக் கடிதம் சும்மா போகாது. யார் தப்பா பொருத்தினதுன்னு பெயரோட போகணும். அந்த ஆள் மேல நடவடிக்கை வரும். இனிமே எந்தக் காட்டிலயும் வேலை கிடைக்காது.”

“படத்தைப் பொருத்திப் பார்த்தது யாரு?” என்று பெண்மணி கேட்டார்.

சுவரோரம் என் பேனா நின்றுவிட்டது. என் வாய் வரைக்கும் ஏதோ வந்தது அக்கா, சத்தியமாக வந்தது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுதர்சனம் சார் அதிகாரிகள் கொண்டுவந்திருந்த திருத்தக் கடிதத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ‘பொருத்தியவர்’ என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினார்.